ஏழு போர்டும் ஒரு புளியங்கட்டையும்

1

இந்தக் கதை என் மனத்தில் தானாக உதித்ததல்ல, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆர்டர் கொடுத்துத் தைக்கிற சட்டையைப் போல இது ஆர்டர் கொடுத்து எழுதப்படும் கதை. அளவெடுத்தவர் என் சித்தப்பா பஞ்சநாதன்.

சித்தப்பா, அரியலூருக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் வெட்டும் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். நான் திருச்சியில் பி.ஏ. வாசிக்கிறேன். யுத்தம் ஆரம்பித்த ஐந்தாவது வருஷக் கோடை விடுமுறையை அவர் வீட்டில் கழித்துக்கொண்டிருந்தேன். அதாவது, ரேஷன் அரிசியை மூன்று வேளையும் கழித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"ஏண்டா, காலேஜுப் பத்திரிகையில கதை எழுதுறியாமே?"

"ஆமா சித்தப்பா."

"நல்லா இருந்திச்சாமா?"

"பிரின்ஸிபால் கூப்புட்டுக் கண்டிச்சாரு."

"அப்ப எழுத வருதுன்னு அர்த்தம். கம்பெனிக்கு ஒண்ணு எழுதிக் குடு. வர்ற சனிக்கெழம பாதுகாப்பு விழா. ஜாக்கிரதையா வண்டி ஓட்டணும்னு நீதி வரணும். தப்பு டிரைவர் பேர்ல இருக்கணும். வண்டி நல்ல வண்டி. ரோடு நல்ல ரோடு. புரியுதா?"

"கம்பெனி?"

"கம்பெனி கதையிலயே வரப்படாது."

திருச்சியில் அச்சடித்து, அட்டையில் என் பெயரைப் போடுவதாகவும் சொன்னார். அட்டையில் பெயர் என்றதும் எனக்குக் கொள்கை கிள்கை எல்லாம் மறந்துபோயிற்று. அன்று மத்தியானமே பேனாவைத் திறந்தேன்.

2

முதல் தொடக்கம்:

"அந்தி மயங்கும் வேளையில் மருதையாற்றின் தெள்ளிய நீரில் செங்கதிரோன் தன்—"

(அடித்துவிட்டேன். வைகாசி மாதத்தில் மருதையாற்றில் ஏது நீர்? செங்கதிரோன் முகம் பார்க்க வேண்டுமானால் மணலை நோண்டி ஊற்றுத் தோண்டவேண்டும்.)

இரண்டாவது தொடக்கம், சித்தப்பா வாயால் சொல்ல நான் எழுதியது:

"அங்கமுத்து என்ற டிரைவர் மூக்கு முட்டக் கள்ளைக் குடித்துவிட்டு நாலாம் நம்பர் லாரியை—"

"அங்கமுத்துன்னு நெசமாவே ஒரு டிரைவர் இருக்காரே சித்தப்பா?"

"நெசப் பேரையே போடு. அப்பதான் மத்தவனுக்குப் பயம் இருக்கும்."

"அவர் குடிப்பாரா?"

"நீதானடா கதாசிரியன். குடிக்க வையி."

சரி, குடிக்க வைக்கிறவனைப் பற்றி நாலு விவரம் தெரிந்தால் நல்லது என்று மறுநாள் குவாரிக்குப் போனேன். அங்கேதான் இந்தக் கதை கெட்டுப்போக ஆரம்பித்தது.

3

அங்கமுத்துவுக்கு முப்பத்தாறு வயது, உடையார்பாளையம் பக்கத்துக்காரன். (கதையில் 'அவன்' என்கிறேன். நேரில் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன். இலக்கியத்தில் டிரைவர்களுக்கு அவ்வளவுதான் மரியாதை.) அவனுடைய வலது கால் அவன் சொன்னபடி கேட்பதில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தாலும் சரி, கோயிலில் கண்ணை மூடி நின்றாலும் சரி, எதிரே எதுவாவது குறுக்கிட்டால் அந்தக் கால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதிக்கும். போன மாசம் ஒரு கோழி குறுக்கே ஓட, மிதித்த மிதியில் குழம்புச் சட்டி கவிழ்ந்தது. அவன் மனைவி சம்பூர்ணம் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். அவனுக்குச் சிரிப்பு வராது. வீட்டுத் தரையை மிதித்தால் சட்டியாவது கவிழ்கிறது. லாரியில் பிரேக்கை மிதித்தால் ஒன்றுமே நடப்பதில்லை என்பது அவனுக்குத்தான் தெரியும்.

நாலாம் நம்பர் லாரிக்கு பிரேக் கிடையாது. கிடையாது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. மிதிப்பதற்கு ஒரு பெடல் இருக்கிறது. உள்ளே இருக்கவேண்டிய தோல் தேய்ந்து இரண்டு வருஷமாகிறது. கைப்பிரேக்கை இழுத்தால் கையோடு வந்துவிடும். முதல் கியர் சரிவில் தானாகக் கழன்றுகொள்ளும். பின்னுக்குப் போகும் கியர் ஒன்றுதான் அந்த வண்டியில் ஒழுக்கமானது. பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் வண்டி கரி கேஸில் ஓடியது. முதுகில் ஒரு கரி அடுப்பு. அதை ஊதிப் பற்றவைக்கிறவர் தங்கசாமி. நாற்பது வயது, எலும்பும் துண்டுமாக இருப்பார்.

குவாரியிலிருந்து அரியலூர் ஸ்டேஷனுக்குக் கல் ஏற்றிப்போகும் வழியில், ஆற்றுக்கு இறங்கும் ஒரு பர்லாங் சரிவு. கல்லின் மேல் முப்பது பெண்கள் உட்கார்ந்து வருவார்கள். ஸ்டேஷனில் கல்லை வேகனில் ஏற்றும் ஆட்கள். சம்பூர்ணமும் அதில் ஒருத்தி. சரிவுத் தலைப்பில் வண்டி நிற்கும். யாரும் சொல்லவேண்டாம், முப்பது பேரும் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கி நடப்பார்கள். தங்கசாமி, கயிறு கட்டிய ஒரு புளியங்கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பின் சக்கரத்தோடு ஓடுவார். இருபது அடி உருண்டதும் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போடுவார். வண்டி முக்கி நிற்கும். அங்கமுத்து பின் கியரில் ஓர் உலுக்கு உலுக்குவான். அந்த இடைவெளியில் தங்கசாமி கயிற்றைச் சுண்டிக் கட்டையை உருவுவார். மறுபடி இருபது அடி.

ஒரு பர்லாங்குக்கு அரை மணி நேரம். கீழே போனதும் பெண்கள் மறுபடி ஏறிக்கொள்வார்கள்.

இரண்டு வருஷத்தில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. இந்தச் சங்கதி மதறாஸ்வரை எட்டி, 'விபத்தே இல்லாத கம்பெனி' என்று பெயர் வந்து, அதைக் கொண்டாடத்தான் பாதுகாப்பு விழா.

(வாசகர் கவனிக்கவேண்டும்: இதுவரை கதையில் யாரும் குடிக்கவில்லை. எனக்கே கவலையாக இருந்தது.)

4

ஒரு பாத்திரத்தைச் சந்தேகப்படுவது ஆசிரியனின் உரிமை. நான் அங்கமுத்துவை முறையாகச் சந்தேகப்பட்டேன். மத்தியானம் லாரி நிழலில் அவனும் சம்பூர்ணமும் தங்கசாமியும் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது நேரடியாகவே கேட்டேன்.

"அண்ணே, நீங்க குடிப்பீங்களா?"

"கூழா? உக்காருங்க தம்பி."

"கூழ் இல்லண்ணே. கள்ளு."

அங்கமுத்து சம்பூர்ணத்தைப் பார்த்தான். சம்பூர்ணம் என்னைப் பார்த்தாள்.

"யாரு, இவரா? மோர் புளிச்சிருந்தா தலை சுத்துதும்பாரு."

"இல்ல, கதையில நீங்க குடிச்சுட்டு வண்டி ஓட்டுறாப்புல வருது."

"கதையில எம்பேரா?" அங்கமுத்து சட்டியைக் கீழே வைத்தான். "தம்பி, எங்க மாமனார் வூட்டுல ஒருத்தன் எழுத்துக் கூட்டிப் படிப்பான் தம்பி. அவன் கையில கெடைச்சா என்னை உப்புப் போட்டு ஊறவச்சிருவாங்க."

"அப்ப தூங்கிக்கிட்டே ஓட்டுறதா வச்சுக்கலாமா?"

"அந்த வண்டியிலயா?" தங்கசாமி சிரித்துவிட்டு அங்கமுத்து பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ தூங்கிக் காட்டு, என் ஒரு மாசக் கூலியக் குடுத்துடுறேன். குலுக்குற குலுக்குல செத்தவன் எந்திரிச்சுருவான்."

"வேகமா ஓட்டுறதா?"

இதற்கு மூன்று பேருமே சிரித்தார்கள். லாரியும் ஒருமுறை கொதித்து மூச்சு விட்டது.

சம்பூர்ணம் எனக்கும் ஒரு சட்டியில் கூழ் ஊற்றி, ஒரு பச்சை மிளகாயை மேலே வைத்தாள். "காலேசுத் தம்பி, பேரு தெரியாத ஆளு ஒருத்தன குடிக்க வைங்க. இவரு சாமி, பாவம்."

கூழை முழுவதும் குடித்தேன். குடித்துவிட்டுத் தப்பாக எழுதுவது கஷ்டம் என்பதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை.

5

இனி போர்டுகளைப் பற்றி. (இந்தப் பகுதி சற்றுக் கட்டுரை மாதிரி இருக்கும். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் சரிவில் எதையும் தாண்டிப் போகக்கூடாது என்று நாலாவது போர்டு சொல்கிறது.)

சரிவின் இரு பக்கமும் ஏழு போர்டுகள் நிற்கின்றன. 'மெதுவாகப் போ.' 'சரிவு.' 'கவனம்.' 'முந்தாதே.' 'மெதுவாகப் போ' மறுபடியும். 'உன் குடும்பம் உனக்காகக் காத்திருக்கிறது.' ஏழாவது, 'நில்.' பிரேக் இல்லாத வண்டிக்கு 'நில்' என்று ஒரு போர்டு வைத்த மூளை எதுவோ, அதைத் தேடிப் போனேன். நம் சித்தப்பாவிடம் போய் முடிந்தது.

நடந்தது இதுதான். அங்கமுத்து இரண்டு வருஷத்தில் ஏழு தடவை ஆபீசுக்குப் போய், பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். கம்பெனி மானேஜர் ஒரு வெள்ளைக்காரத் துரை; அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பவர் சித்தப்பா. வண்டி கெட்டுப்போயிருக்கிறது என்று துரையிடம் சொன்னால், 'முன்னமே ஏன் சொல்லவில்லை?' என்று அவர் கேட்பார். முன்பிருந்த ஹெட் கிளார்க் அந்தக் கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். சித்தப்பாவுக்கு மூன்று பெண்கள். ஆகவே ஒவ்வொரு தடவையும், 'டிரைவர் அந்தச் சரிவைக் குறித்துக் கவலைப்படுகிறான்' என்று நயமாக மாற்றிச் சொல்வார். துரை நல்லவர். சரிவைக் குறித்து யாராவது கவலைப்பட்டால் உடனே ஒரு போர்டு வைப்பார்.

யார் மேலும் தப்பில்லை. இப்படி யார் மேலும் தப்பில்லாமல் நடக்கிற காரியங்களைத்தான் நான் கதையில் நம்பும்படி எழுதத் திணறுகிறேன்.

6

புதன்கிழமை ஆபீஸ் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. மதறாஸிலிருந்து வந்த பாதுகாப்பு விதிகள். எங்கோ நல்ல பிரேக் உள்ள வண்டிகளுக்காக, நல்ல எண்ணத்தோடு யாரோ எழுதியவை. அதில் இரண்டை மட்டும் இங்கே எடுத்து எழுதுகிறேன்.

ஏழாவது விதி: 'வண்டி சேருமிடம் சேரும்வரை பயணிகள் இருக்கையை விட்டு இறங்கக்கூடாது.'

ஒன்பதாவது விதி: 'ஓடும் வண்டியின் பின்னாலோ பக்கத்திலோ எவரும் ஓடக்கூடாது.'

சனிக்கிழமை விழாவில், மதறாஸ் அதிகாரி முன்னிலையில், முழுப் பாரத்தோடும் முப்பது பெண்களோடும் நாலாம் நம்பர் லாரி அந்தச் சரிவில் விதிப்படி இறங்கிக் காட்டவேண்டும். பெண்கள் கையில் காகிதக் கொடி. சரிவின் அடிவாரத்தில், நடுரோட்டில், திருச்சி போட்டோக்காரர் முக்காலி போட்டு நிற்பார். அதற்கப்பால் எல்லாருக்கும் ஜீனி போட்ட சர்க்கரைப் பொங்கல். ஜீனி! ரேஷன் கடையில் பேச்சுக்குக்கூடக் கிடைக்காத ஜீனி.

தங்கசாமியைக் கட்டை போடும் வேலையிலிருந்து எடுத்து, போர்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையில் போட்டார்கள்.

அங்கமுத்து நோட்டீசை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் வலது கால் தரையை மிதித்தது. வண்டி தலைப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. முதல் போர்டு வரையில் சமாளிக்கலாம். மூன்றாவதில் முதல் கியர் கழன்றுகொள்ளும். ஐந்தாவதில் வளைவு. வளைவில் கல் ஒரு பக்கமாகச் சரியும். கல்லின் மேல் இருப்பவர்கள் கல்லுக்கு முன்னால் விழுவார்கள். சம்பூர்ணம் எப்போதும் இடது ஓரத்தில்தான் உட்காருவாள். வளைவு வலது பக்கம்.

எட்டாவது தடவையாக ஆபீசுக்குப் போனான். கையெழுத்துப் பிரதியைக் காட்ட நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"ஐயா, பிரேக் புடிக்கலன்னு தொரைகிட்டச் சொல்லுங்க. கட்டை இல்லாம, ஆளையும் வச்சுக்கிட்டு எறக்க முடியாதுன்னு சொல்லுங்க. முப்பது உசுருங்க."

சித்தப்பா துரை பக்கம் திரும்பி நீளமாக இங்கிலீஷில் பேசினார். டிரைவர் சரிவைக் குறித்து இன்னமும் கவலையாக இருக்கிறான், பொறுப்புள்ள ஆள், விழாவுக்காக நெஞ்சு படபடக்கிறது. துரை எழுந்து வந்து அங்கமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சொன்னாருங்க?"

"எட்டாவது போர்டு சாங்ஷன் ஆயிடுச்சு."

அங்கமுத்து அசையவில்லை. "வண்டிய எடுக்க மாட்டேன்னு சொன்னா?"

சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "ஒன் லைசென்சு எங்க இருக்கு?"

"ஒங்க டிராயர்ல."

"அது டிராயர்லயே இருக்கும். அப்புறம் எந்தக் கம்பெனியில போயி எந்த வண்டிய ஓட்டுவ? போப்பா. போயிக் கரி அள்ளிப் போடு."

அந்த அறையில் தமிழும் இங்கிலீஷும் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மொழிபெயர்த்தார். இன்னொருவன் ஜன்னல் வழியே ஒரு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல மரம்.

வெளியே வந்ததும் அங்கமுத்து என்னை நிறுத்தினான்.

"தம்பி, ஒங்களுக்கு இங்கிலீசு வரும்ல?"

"வரும்ண்ணே."

"நான் சொன்னத அவரு சரியாத்தான் சொன்னாரா?"

"சரியாத்தான்—"

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அவன் கரி அள்ளப் போய்விட்டான்.)

7

முடிவுகள். வியாழக்கிழமை உட்கார்ந்து வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

முடிவு, கம்பெனிக்காக: "அங்கமுத்து ஒவ்வொரு போர்டாகப் படித்து, திருந்தி, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு, வண்டியை மெதுவாக இறக்கினான். எல்லாரும் பொங்கல் சாப்பிட்டனர்." சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது. அங்கமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னேன். 'கதைதானே' என்றார்.

முடிவு, காலேஜுப் பத்திரிகைக்காக: "வளைவில் லாரி பெருமூச்செறிந்து சாய்ந்தது. வெண்ணிறக் கற்களுக்கிடையே ஒரு கை. அதில் உடையாத ஒற்றை வளையல். அது சம்பூர்ணத்தின்—" இதைப் பிரமாதமாக எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து ஒரு நடை நடந்து வந்து மறுபடி படித்து ரசித்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் அவள் மேலே வைத்த பச்சை மிளகாய் ஞாபகம் வந்தது. கூழ் ஊற்றிக் கொடுத்தவளை மூன்று நாளில் கொன்று, வளையலைக்கூட விடாமல் கதையில் சேர்த்திருக்கிறேன். கிழித்தேன். இரண்டாகக் கிழித்தது போதாமல் எட்டாகக் கிழித்தேன்.

சித்தப்பா கிழித்ததைப் பார்த்துப் பதறிவிட்டார். "குடிச்சான்னு எழுதினியே, அதையும் கிழிச்சிட்டியா?"

"இல்ல, அது இருக்கு."

"அத மட்டும் பத்தரமா வையி. ஃபைல்ல போடணும்."

"கதைய எதுக்கு சித்தப்பா ஃபைல்ல போடணும்?"

அவர் முகம் எனக்குப் பிடித்த முகம். அதனால் அதை வர்ணிக்கவில்லை. "சனிக்கெழம ஒண்ணும் ஆவாதுடா. ஆயிட்டா... டிரைவர் மேல முன்னமே சந்தேகம் இருந்துச்சுன்னு ஒரு காயிதம் இருந்தா நல்லதுதானே?"

உலகத்தில் விபத்து நடந்த பிறகு கதை எழுதுவார்கள். விபத்துக்கு முன்பே கதையை ஆர்டர் கொடுத்தது எங்கள் கம்பெனி. அந்தக் கதையின் ஆசிரியர் யார் என்று அட்டையில் அச்சடிக்கவும் போகிறார்கள்.

அன்று மாலையே குவாரிக்குப் போய், ஆபீசில் இங்கிலீஷில் என்ன பேசப்பட்டது என்பதை அங்கமுத்துவிடம் வரிக்கு வரி சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. தங்கசாமி அவனுக்கும் சேர்த்துத் திட்டினார். அதை அச்சில் போடமுடியாது.

"தொரைகிட்ட நானே போய்ச் சொல்றேண்ணே," என்றேன்.

"காலையில போனேன், இல்லங்கிறாங்க," என்றான் அங்கமுத்து. "மதறாஸ்காரர அழைச்சிக்கிட்டு வரத் திருச்சிக்குப் போயிட்டாராம். சனிக்கெழம நேரா சரிவுக்கே வர்றாராம்."

சம்பூர்ணம் கரி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். "ஏன் தம்பி, கதையில நாங்க எறங்கி நடந்துட்டா என்னா?"

"ஏழாவது விதி இருக்கே."

"விதியாவது வெங்காயமாவது. ஒருத்தி எறங்குனா அவளுக்குச் சீட்டுக் கிழியும். ரெண்டு பேரு எறங்குனா ரெண்டு சீட்டு. முப்பது பேரும் ஒரேடியா எறங்கிட்டா? வேகன்ல யாரு கல்லு ஏத்துவா, தொரையா?"

"அப்ப எறங்கிடுங்களேன்."

"எப்ப எறங்குறது? யாரு மொதல்ல? நான் எறங்கலாம். டிரைவர் பொண்டாட்டி தூண்டிவுட்டான்னு இவரு தலையிலதான் வுடியும். வெளியாளு ஒருத்தரு வாயத் தொறந்து சொல்லணும். எல்லாருக்கும் கேக்குறாப்புல."

அங்கமுத்து மெல்லச் சொன்னான்: "எறக்க மாட்டேன்னு நான் சொன்னா லைசென்சு போயிடும். ஆனா ஆளில்லாத வண்டிய எறக்கச் சொன்னா, நான் எதுக்கு மாட்டேங்கப்போறேன்? தங்கசாமி கட்டையோட நின்னாருன்னா பொங்கல் ஆறுறதுக்குள்ள எறக்கிடுவேன்."

"கட்டைக்கு நான் ஆச்சு," என்றார் தங்கசாமி. "எட்டாவது போர்டு நடுறதுக்கு முட்டுக் கட்டை வேணும்னு எடுத்தாந்துடுறேன். போர்டுக்குத்தான் எது கேட்டாலும் குடுக்குறாங்களே."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பாத்திரங்கள் ஆசிரியனை இப்படிப் பார்ப்பது கதை இலக்கணத்தில் அனுமதிக்கப்பட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

8

இன்று வெள்ளிக்கிழமை. நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்துவிட்டது. பிரதி ஒன்று என் முன்னால் இருக்கிறது. விழா சரிவுத் தலைப்பில், பெண்கள் ஏறி உட்கார்ந்திருக்கும் லாரிக்குப் பக்கத்திலேயே. இறைவணக்கம். துரையின் உரை. மதறாஸ் அதிகாரியின் உரை. நான்காவதாக, 'கல்லூரி மாணவர் ஒருவர் தாம் இயற்றிய பாதுகாப்புக் கதையை வாசிப்பார்.' ஐந்தாவதாக, 'கதை முடிவுற்றதும் லாரி புறப்படும்.'

இந்த ஐந்தாவது வரியை நான் பதினோரு தடவை படித்தேன். என் பெயர் அட்டையில் வந்திருந்தால்கூட அத்தனை தடவை படித்திருக்கமாட்டேன்.

துரைக்குத் தமிழ் தெரியாது. மதறாஸ் அதிகாரிக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் இங்கிலீஷ். நான் என்ன வாசிக்கிறேன் என்று புரியப்போகிற ஒரே உத்தியோகஸ்தர் சித்தப்பா. அவர் என்னை நிறுத்தவேண்டுமென்றால், ஏன் நிறுத்துகிறார் என்று துரையிடம் இங்கிலீஷில் சொல்லவேண்டும். சொன்னால், இரண்டு வருஷமும் ஏழு போர்டும் ஒரே மூச்சில் வெளியே வரும். ஆகவே சித்தப்பா புன்னகையோடு உட்கார்ந்திருப்பார். அவர் வேட்டி மட்டும் வேர்வையில் நனையும். அதற்காக நான் வருத்தப்படுகிறேன். அவர் போட்ட சோற்றுக்குக் கணக்கு வேறு இருக்கிறது. சித்தப்பா, நாளைக்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு நான் சாப்பிட வரமாட்டேன், நீங்களும் கூப்பிடமாட்டீர்கள்.

துரை எழுந்து என்ன விஷயம் என்று கேட்டால், இந்தத் தடவை மொழிபெயர்ப்பவன் நான்.

முதல் இரண்டு பக்கத்தையும் கம்பெனிக்கான முடிவையும்தான் அவரிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். அதில் அங்கமுத்து நன்றாகக் குடித்திருந்தான். நாளை வாசிக்கப்போவது அது இல்லை, இது: நீங்கள் இந்த நிமிஷம் கேட்டுக்கொண்டிருக்கும் இதே காகிதம், ஒன்றாம் பகுதியிலிருந்து.

வீட்டில் நாற்காலியில் சாய்ந்து இதைப் படிக்கிறவருக்கு ஒன்றும் அவசரமில்லை. ஒரு கை விசிறியை எடுத்துக்கொண்டு காத்திருக்கலாம். நான் பேசவேண்டியது கல்லின் மேல் இருப்பவர்களிடம்.

9

கொடி வைத்திருக்கும் முப்பது பேருக்கும் வணக்கம். கதை கேட்டீர்கள். இதற்கு முடிவு எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை, எழுதவும் போவதில்லை. முடித்தால் வண்டி புறப்படும். வண்டிக்கு பிரேக் இல்லை. உங்களுக்கே தெரியும், இரண்டு வருஷமாக நடந்து இறங்கியவர்கள் நீங்கள். இன்று மட்டும் பிரேக் முளைத்துவிடவில்லை; கொடிதான் முளைத்திருக்கிறது. உங்களை முதலில் இறங்கச் சொன்னது யார் என்று நாளைக்கு ஆபீசில் கேட்டால், காலேஜுப் பையன் என்று சொல்லுங்கள். என் லைசென்ஸ் எதுவும் யார் டிராயரிலும் இல்லை.

பொங்கல் அடிவாரத்தில் இருக்கிறது. நடந்து போகிறவர்களுக்கும் அதே ஜீனிதான்.

போட்டோக்காரரே, நீங்களும் தயவுசெய்து முக்காலியை ஓரமாக எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கீழே காதில் விழாவிட்டால் யாராவது கையைக் காட்டுங்கள்.

ஒருவரும் அசையாவிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்தக் காகிதத்துக்கு அடியில் என் பொருளாதார நோட்டுப் புத்தகம் இருக்கிறது. நூற்று எண்பது பக்கம். கதையின் தொடர்ச்சியாக அதை வாசிப்பேன். அந்நியச் செலாவணியைப் பற்றி மட்டும் இருபத்திரண்டு பக்கம் வருகிறது. என் வகுப்பில் திடகாத்திரமான பையன்களே அதில் எழுந்து ஓடியிருக்கிறார்கள். துரை தலையாட்டிக்கொண்டே இருப்பார். வெயில் ஏறும். கல் சுடும்.

ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் மூச்சு வாங்குகிற சாக்கில் நிமிர்ந்து எண்ணுவேன். முப்பது பேர் இருந்தால் அடுத்த பக்கம். இருபத்தொன்பது பேர் இருந்தாலும் அடுத்த பக்கம். ஒரே ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், அவளுக்காக மட்டும் இன்னொரு பக்கம். தங்கசாமி அண்ணன் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, லாரியின் மேல் வெறும் கல் மட்டுமே இருக்கிற அந்த நிமிஷம் வரைக்கும் இந்த வாக்கியமும், இதற்கு அடுத்த வாக்கியமும், அதற்கும் அடுத்த